டப்பாவில் பொருந்திய நிறம் கையில் ஏன் பொருந்தவில்லை? கவர் பவுடர் கலவைக் குறைகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

உங்கள் தோல் நிறத்துக்கு ஏற்றபடி கவர் பவுடர் கலந்து போடுகிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டோம். (கவர் பவுடர் என்பது அக்ரிலிக் நகம் போடும்போது அடியில் உள்ள இயற்கை நகத்தை மறைக்கும் நிறப் பவுடர்.) கலந்தும் ஆயிற்று. டப்பாவில் பார்த்தால் அச்சு அசலாக இருக்கிறது. பத்து நகமும் முடித்து, ஃபைல் போட்டு, கையை நீட்டச் சொன்னால் நகம் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறது. அந்த நேரத்தில் நம் கை தானாகவே பவுடர் டப்பாக்களைத் தேடும். பிரவுன் கொஞ்சம் கூட்டலாமா, பிங்க் கொஞ்சம் குறைக்கலாமா என்று மனம் ஓடும்.

அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். நிறம் பொருந்தாமல் போனபோதெல்லாம் நான் முதலில் சந்தேகப்படுவது மூன்றை: எந்த வெளிச்சத்தில் பார்த்தேன், பிரஷ் எவ்வளவு லிக்விட் (பவுடரோடு சேர்ந்து இறுகும் திரவம்) எடுத்தது, எவ்வளவு கனமாகப் பூசினேன். இந்த மூன்றில் ஒன்று தப்பியிருக்கும்போது பவுடரைத் திருத்தினால், அடுத்த முறை நிறம் எதிர்ப்பக்கம் சாயும். பிறகு எந்தத் திருத்தம் எதற்காகச் செய்தோம் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே கீழே உள்ள எந்தக் குறைக்கும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இந்த வேலையில் எனக்குத் தாமதமாகப் புரிந்தது. நாம் கலப்பது தோலின் நிறத்தை அல்ல. அந்தக் கையில் இயல்பாக ஒரு நகம் எப்படி இருக்குமோ, அந்த நிறத்தை. புறங்கைத் தோலின் நிறத்தை அப்படியே நகத்தில் ஏற்றினால் விரல் நுனியில் நகமே இல்லாததுபோல் மொட்டையாகத் தெரியும். நகப்படுகையின் இளஞ்சிவப்புக்கும் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் நடுவில் எங்கோதான் நமக்கு வேண்டிய நிறம் இருக்கிறது.

## நிறம் எடுக்கும் நேரம்

அக்ரிலிக் நகம் பல் மருத்துவத்தில் பயன்பட்ட பிசினிலிருந்து வந்த தொழில். நிறம் எடுக்கும் ஒழுங்கையும் அங்கிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம். பல்லின் நிறத்தை 16 மாதிரிகள் கொண்ட நிற அட்டையை வைத்துப் பார்க்கும் மருத்துவர், வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுவார். பல் காய்ந்துபோனால் வெளுத்துத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

நகமும் அப்படித்தான். நகத்தின் ஈரத்தைப் போக்கும் டீஹைட்ரேட்டர் தடவியதும் நகத்தட்டு வெளிறுகிறது. ஃபைல் போட்டதும் சுற்றியுள்ள தோல் உரசிச் சிவக்கிறது. கை குளிர்ந்திருந்தால் நகப்படுகை நீலம் பாய்ந்து இருக்கும். சூடான நீரில் கழுவிய கையில் சிவப்பு ஏறியிருக்கும். இவற்றில் எந்த நிலையில் நிறம் எடுத்தாலும் அது அன்றைக்கு அந்த நிமிடத்துக்கான நிறம்தான். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து, கை அறை வெப்பத்துக்கு வந்தபின், எந்தக் கருவியையும் தொடுமுன் எடுத்துவிடுங்கள். பழைய பாலிஷ் இருந்தால் அதை நீக்கிச் சற்று நேரம் விடுங்கள்.

மேசையில் சாம்பல் நிறத் துணி விரியுங்கள். பளிச்சென்ற துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் அந்த நிறத்தின் எதிர்ச்சாயல் கையில் ஏறினாற்போல் கண் ஏமாறும். ஐந்து விநாடி பாருங்கள், பிறகு கண்ணை அந்தச் சாம்பல் துணிக்குத் திருப்புங்கள். பிங்க்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், பிறகு எல்லாப் பிங்க்கும் சரியாகவே தோன்றும்.

உள்சாயல் அறிய மணிக்கட்டு நரம்பைப் பார்க்கச் சொல்வார்கள். பச்சையாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான (மஞ்சள் பக்கம் சாய்ந்த) சாயல், நீலமாகத் தெரிந்தால் குளிர்ந்த (ரோஜா, நீலப் பக்கம் சாய்ந்த) சாயல் என்பது கணக்கு. கருத்த தோலில் பல நேரம் நரம்பே தெரியாது. ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலை வைத்து நிறம் பிரிப்பவர்களும் உண்டு. அது வெயிலில் தோல் எரியுமா கருக்குமா என்று பார்க்க 1970-களில் உருவாக்கப்பட்டது, உள்சாயலைச் சொல்லாது. நான் செய்வது எளிது. ஒரே அடர்த்தியில் மூன்று டிப்கள் (கலவையைப் பூசிப் பார்க்கும் பிளாஸ்டிக் நகங்கள்) வைத்திருக்கிறேன்: ஒன்று ரோஜாப் பக்கம் சாய்ந்தது, ஒன்று மஞ்சள் பக்கம் சாய்ந்தது, ஒன்று லேசாகப் பச்சை கலந்தது. மூன்றையும் நகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எது கண்ணில் உறுத்தாமல் அடங்குகிறதோ, அந்தக் கையின் சாயல் அதுதான்.

## டப்பாவில் வெளிர், நகத்தில் அடர்

இதைக் குறை என்று சொல்வதைவிட இயற்பியல் என்று சொல்லலாம். உலர்ந்த பவுடரில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே சிதறி வெளுப்பாகத் தெரிகிறது. லிக்விட் ஊறியதும் காற்று வெளியேறி, துகளும் திரவமும் ஏறக்குறைய ஒரே ஒளிவிலகல் கொண்ட பொருளாகிவிடுகின்றன. உண்மை நிறம் அப்போதுதான் வெளிவருகிறது. ஈர மணல் கருத்துத் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே டப்பாவைக் கைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு டிப் போடுங்கள். நகத்தில் எவ்வளவு கனம் வருமோ அதே கனம், அதே பிரஷ், அதே லிக்விட். ஃபைல் போட்டு, நீங்கள் வழக்கமாகப் பூசும் டாப் கோட்டும் பூசியபின் பாருங்கள். மங்கலான பரப்பும் பளபளக்கும் பரப்பும் ஒரே நிறத்தை வேறாகக் காட்டும். அக்ரிலிக் தட்டினால் ஒலிக்கும் அளவுக்குச் சில நிமிடங்களில் இறுகினாலும், உள்ளே வேதிவினை ஒரு நாளுக்கு மேல் நடக்கிறது. முக்கியமான கலவையை மறுநாளும் ஒருமுறை பாருங்கள்.

## கருத்த கையில் சாம்பல் பூத்தது போல் தெரிகிறது

இந்தப் பிழைதான் என்னை அதிகம் வருத்துவது. வந்தவர் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார், எத்தனையோ இடங்களில் இதையே பார்த்துப் பழகியிருப்பார். பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கருத்த கைக்குச் சரியான நிறம் அமையாது என்பது பொய். அமைக்க நாம் சரியாகப் பழகவில்லை, அவ்வளவுதான்.

காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது கவர் பவுடருக்கு மறைக்கும் சக்தி தரும் வெள்ளை நிறமி. அதன் ஒளிவிலகல் எண் அக்ரிலிக்கைவிட மிக அதிகம் என்பதால் ஒளியைப் பலமாகச் சிதறடிக்கிறது. நுண்துகள்கள் நீல ஒளியைச் சற்றுக் கூடுதலாகச் சிதறடிக்கும். கருத்த பின்னணியில் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே கதை. வெள்ளை மிகுந்த பவுடரில் பிரவுன் எவ்வளவு கூட்டினாலும் அந்த நீலச் சாம்பல் அடியில் இருந்துகொண்டே இருக்கும்.

பலர் அடுத்துச் செய்யும் தவறு கருப்பு சேர்ப்பது. கருப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை எட்டிப்பார்க்கும். பீச், பெய்ஜ் பவுடர்களில் மஞ்சள் ஏற்கெனவே இருக்கிறது. அதில் கருப்பு விழுந்தால் நிறம் அடர்வதற்குப் பதிலாகக் கலங்கிப் பாசி படிந்தாற்போல் ஆகிவிடும்.

செய்ய வேண்டியது வெள்ளையைக் குறைப்பது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் பழைய கலவை 10 கிராமுக்கு பெய்ஜ் 6, பீச் 3, பிரவுன் 1 என்று இருந்தது. சாம்பல் பூத்தது. பிரவுனை ஒன்றரையாக்கினேன். அடர்ந்த சாம்பல் கிடைத்தது. பிறகுதான் பெய்ஜும் பீச்சும் இரண்டுமே வெள்ளையின் மேல் கட்டப்பட்ட பவுடர்கள் என்பது உறைத்தது. இப்போது நான் தொடங்கும் அளவு இது: பெய்ஜ் 3 கிராம், ஒளி ஊடுருவும் ரோஜா பிங்க் 3 கிராம், பிரவுன் 3 கிராம், செங்கல் சிவப்பு 0.80 கிராம், மஞ்சள் 0.20 கிராம். மொத்தம் 10. உங்கள் பவுடர்களின் நிறமிச் செறிவு வேறாக இருக்கும் என்பதால் இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். போக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வெள்ளை கலந்த பவுடர்கள் பாதிக்கும் கீழே இறங்க, அந்த இடத்தை ஊடுருவும் பிங்க் நிரப்ப, அடர்த்தியைப் பிரவுனும் சிவப்பும் தருகின்றன.

திருத்தம் 0.10 கிராம் அளவில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும். இதற்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். கரண்டி அளவு உதவாது. பவுடர் தட்டி வைத்தால் அமுங்கும், குலுக்கினால் உப்பும், ஒரே கரண்டியில் எடை மாறும்.

கடைசியாக, புறங்கையைவிட ஒன்றிரண்டு படி வெளிராக, ஒரு படி ரோஜாவாக நிறுத்துங்கள். அந்த ரோஜா சாயலை விட்டுவிட்டால் பிரவுன் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் நகம் உயிரில்லாமல் தெரியும்.

## நகத்துக்குள் இருந்து கோடு தெரிகிறது

கருத்த தோல் உள்ளவர்களின் நகங்களில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம், பல விரல்களில் இருக்கும். ஊடுருவும் பிங்க் கூடுதலாக இருக்கும் கலவையில் அவை லேசாகத் தெரியலாம். அடியில் மெல்லிய அடர் கவர் ஒன்று, மேலே உங்கள் கலவை என்று போட்டால் மறையும். ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாக வந்த கோடு, அகலமாகிக்கொண்டே போகும் கோடு, பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவிய கோடு இவற்றை மூடாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நகத்தடியில் வரும் மெலனோமா அப்படித் தொடங்கலாம். மூடிய நகத்தில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

## சிவந்த கை இன்னும் சிவக்கிறது, அல்லது பிளாஸ்டர் ஒட்டினாற்போல் இருக்கிறது

இரண்டுக்கும் காரணம் பிங்க். வெளுத்த, எளிதில் சிவக்கும் கையில் குளிர்ந்த பிங்க் போட்டால் விரல் முழுவதும் புண்பட்டதுபோல் தோன்றும். சிவப்புக்கு எதிர் பச்சை என்பதால், பச்சைச் சாயல் உள்ள பெய்ஜ் சிறிது சேர்த்தால் அடங்கும். பச்சைப் பவுடரையே நேராகச் சேர்க்க வேண்டியதில்லை, அது எளிதில் கைமீறிப் போகும்.

மாநிறத்தில் பச்சைச் சாயல் கொண்ட கைகள் உண்டு. அவற்றுக்குத்தான் பிளாஸ்டர் குறை வரும். கடையில் வாங்கும் கவர் பிங்க் எதுவும் அவர்களுக்கு ஒட்டாது. பிங்க்கில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் மஞ்சள் சாய்ந்த பெய்ஜும் துளிப் பிரவுனும் வையுங்கள்.

நிறம் ஆரஞ்சாக ஓடினால் நீலம் சாய்ந்த பிங்க்கோ, ஊதாவோ மிகச் சிறிய அளவில் சேருங்கள். 10 கிராமுக்கு 0.02 கிராமில் தொடங்குங்கள். நீல நிறமி வலுவானது.

## மேசையில் சரி, வெளியே போனால் தப்பு

இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது உண்டு. தோலின் நிறம் ரத்தத்தாலும் மெலனினாலும் வருகிறது, நம் பவுடரின் நிறம் இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளால் வருகிறது. இரண்டும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்புகின்றன. எல்லா வெளிச்சத்திலும் ஒன்றாகத் தெரியும் கலவை கிடையாது. எல்லாவற்றிலும் ஓரளவு ஒத்துப்போவதைத்தான் தேட முடியும்.

மேசை விளக்கு 5000 முதல் 6500 கெல்வின் வரை இருக்கட்டும், நிறம் காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் இருக்கட்டும். மஞ்சள் விளக்கின் கீழ் கலந்தால் மஞ்சளின் குறைவு தெரியாது, பகலில் நகம் பிங்க்காக வெறிக்கும். டிப்பை மூன்று இடங்களில் பாருங்கள்: மேசை விளக்கு, ஜன்னலோரம், சாதாரண வீட்டு விளக்கு. மணப்பெண்ணுக்குப் போடுகிறீர்கள் என்றால் நிகழ்ச்சி பகலிலா இரவிலா என்று கேளுங்கள். ஒரு வெளிச்சத்துக்குச் சலுகை கொடுக்க வேண்டிவந்தால் அவர் அதிகம் இருக்கப்போகும் வெளிச்சத்துக்குக் கொடுங்கள்.

## வரிவரியாக, திட்டுத்திட்டாக

முதலில் ஒரு சோதனை. அதே கலவையை லிக்விட் குறைத்துப் போடுங்கள். வரி போய்விட்டால் பிழை பிரஷில். டைட்டானியம் டை ஆக்சைடு அக்ரிலிக்கைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது, இரும்பு ஆக்சைடு அதைவிடவும் அதிகம். பிரஷில் எடுக்கும் பவுடர்-லிக்விட் உருண்டை நீர்த்திருந்தால் இறுகுமுன் நிறமிகள் நகர்ந்து பிரிய நேரம் கிடைக்கிறது. உருண்டை பிரஷ் நுனியில் வட்டமாக நிற்க வேண்டும், ஓரிரு விநாடியில் மேல்பரப்பு பனி படிந்தாற்போல் ஆக வேண்டும். வழிந்து ஓடினால் லிக்விட் அதிகம்.

லிக்விட் குறைத்தும் வரி வந்தால் பிழை கலவையில். ஜாடியைக் குலுக்கினால் கலந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெவ்வேறு துகள் அளவுகள் குலுக்கும்போது சில நேரம் பிரியவே செய்கின்றன. தட்டையான கண்ணாடியில் கொட்டி, ஸ்பாட்டுலாவால் அழுத்தித் தேய்த்து மடித்து மடித்துக் கலந்து, நுண்ணிய சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். இதைச் செய்யும்போது துகள் வடிக்கும் முகக்கவசம் அணியுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது.

வெள்ளைக்குப் பயன்படுத்திய பிரஷில் பிரவுன் கலவையை எடுத்தாலும் கோடு விழும். கவர் கலவைக்குத் தனிப் பிரஷ் வைத்திருங்கள்.

## தோலோரம் வெளிறி, நடுவில் அடர்ந்து

கனத்தின் பிரச்சினை. கியூட்டிக்கிள் பக்கம் மெல்லிசாக இறக்கித்தான் ஆக வேண்டும், அங்கே நகப்படுகை தெரியும். ஃபைல் போடும்போது இன்னும் தேய்த்துவிடுகிறோம். பவுடரை அடர்த்தியாக்கினால் நடு இன்னும் அடரும். அடியில் அதே கலவையின் ஒரு மெல்லிய படலம் முழு நகத்துக்கும் போட்டு, அதன்மேல் நடுப்பகுதியை ஊடுருவும் பவுடரால் உயர்த்துங்கள். பலம் மேலடுக்கிலிருந்து வரும், நிறம் கீழடுக்கிலேயே நின்றுவிடும்.

## சில நாளில் மஞ்சள் ஏறுகிறது

மேற்பரப்பை ஓரிடத்தில் லேசாக ஃபைல் போட்டுப் பாருங்கள். அடியில் பழைய நிறம் இருந்தால் அது வெளிக்கறை: முடிச் சாயம், செயற்கைப் பழுப்பு லோஷன், ஒப்பனைப் பொருள். டாப் கோட் மாற்றினால் போதும். அடிவரை மஞ்சள் என்றால் லிக்விடைப் பாருங்கள். பவுடரில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடும் லிக்விடில் இருக்கும் அமீனும் சேர்ந்துதான் இறுகும் வினையைத் தொடங்குகின்றன. நீர்த்த உருண்டையில் அமீன் மிஞ்சிப்போகும், நாளடைவில் மஞ்சளாகும். வெயிலிலும் சூட்டிலும் வைத்த பழைய லிக்விடும் பாட்டிலிலேயே மஞ்சளித்திருக்கும். வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும், கொட்டிவிடுங்கள். பிரஷ் நனைத்த மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றவே கூடாது.

## நிறம் சரி, ஆனால் நகம் இளகுகிறது அல்லது நொறுங்குகிறது

வெளியே வாங்கிய வெறும் நிறமியை, கைவினைப் பொடியைச் சேர்த்தீர்களா? அதில் இறுகவைக்கும் பொருள் இல்லை. சேரச்சேர நகம் பலமிழக்கும். நிறத்தை எப்போதும் நிற அக்ரிலிக் பவுடராகவே சேருங்கள். ஒரு நிறுவனத்தின் பவுடரை இன்னொன்றின் லிக்விடோடு சேர்ப்பதும் இதே விளைவைத் தரலாம், பெராக்சைடு அளவு ஒவ்வொன்றிலும் வேறு. எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) திரவம் வேண்டவே வேண்டாம். 1970-களிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நகப் பொருள்களில் அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. பெயரும் பொருள் பட்டியலும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

ஜெல்லில் கலப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடர் நிறமி விளக்கின் ஒளியைத் தடுக்கும். மேலே இறுகி, அடியில் இறுகாமல் நின்றுவிடும். அந்த இறுகாத ஜெல் தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும், அதே வகை அக்ரிலேட்கள் பயன்படும் பல் சிகிச்சையிலும் தொந்தரவு கொடுக்கலாம். ஆகவே ஒரே நிறுவனத்தின் ஜெல்களை மட்டும் கலந்து, மெல்லிய அடுக்குகளாக, அந்த ஜெல்லுக்குச் சொன்ன விளக்கில் காயவையுங்கள். கனமான ஒரே அடுக்கில் நிறம் எடுக்க முயலாதீர்கள்.

## ரீஃபில் போட்டால் பழையதும் புதியதும் சேரவில்லை

விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் வரும் இடைவெளியை நிரப்பும்போது கலவையில் சிறு மாற்றம் இருந்தாலும் கோடாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்திருங்கள். கிராம் கணக்கு, ஒவ்வொரு பவுடரின் தொகுதி எண், லிக்விடின் பெயர், பார்த்த விளக்கு, தேதி, கூடவே ஒட்டிய டிப். முதல் முறையே 30 கிராம் கலந்து பெயரெழுதி மூடி வையுங்கள், நான்கைந்து முறை தாங்கும்.

அட்டைப்படி கலந்தும் சேரவில்லை என்றால், டிப்பைப் பழைய நகத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இன்றைய கலவையில் எங்கோ எடை தவறியிருக்கிறது. டிப் அப்படியே இருந்து நகம் மட்டும் மாறியிருந்தால் அது வெயிலோ கறையோ, புதிய கலவையைத் தொடாதீர்கள், பழையதன் மேல்பரப்பைச் சீவுங்கள். இரண்டும் மாறாமல் கை மட்டும் கருத்தோ வெளுத்தோ இருந்தால், முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறம் எடுத்து, அதே அட்டையில் அடுத்த வரியாக எழுதுங்கள்.